எழுத்துப் பலகையை அப்பா தொடவே மாட்டேங்கிறார்: பக்கவாதத்துக்குப் பின் பேச்சு

கொன்றை · மார்ச் 3, காலை 7.15

அப்பாவுக்கு 71 வயசு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஏழு வாரத்துக்கு முன்னாடி மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, கால் விழுந்துடுச்சு, பேச்சும் போச்சு. கால் ஓரளவு தேறி வருது. பேச்சு மட்டும் "அது… வந்து… அது" என்பதோட நிக்குது. 247 எழுத்தையும் ஃப்ளெக்ஸ்ல அடிச்சுக் கட்டில் பக்கத்துல மாட்டினேன். விரலால தொட்டுக் காட்டினா போதும்னு சொன்னேன். ஒரு தடவை பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். வாழ்நாள் முழுக்க இலக்கணம் நடத்தினவர். "புத்தி போயிடுச்சு, இனிமே குழந்தை மாதிரிதான்" என்கிறார் பெரியப்பா. பேச முடியாதவங்களுக்கு எழுத்துப் பலகைதானே வழி?

தறிநூல் · மார்ச் 3, இரவு 9.40

முதல்ல அந்தப் பலகையைக் கழட்டுங்க. அதைப் பார்க்கிறப்பெல்லாம் தன்னால முடியலைங்கிறது ஒண்ணுதான் அவர் கண்ணுல படும்.

பேச்சு போறதுல இரண்டு வகை இருக்கு, இரண்டுக்கும் மருந்து வேற. ஒண்ணு, நாக்கு, உதடு, தொண்டைத் தசைக்குப் போற கட்டளை கெட்டுப்போறது. மனசுக்குள்ள வாக்கியம் முழுசா இருக்கும், வெளியே வராது. அவங்களுக்கு எழுத்துப் பலகை வரம். இன்னொண்ணு அஃபேசியா. இதுல அடிபட்டது மொழியேதான். சொல்லைத் தேடி எடுக்கிறது, சொல்லை எழுத்தாப் பிரிக்கிறது, வாசிக்கிறது, எழுதுறது எல்லாம் கொஞ்சமோ நிறையவோ சேர்ந்தே போகும். "தண்ணி"ங்கிற சொல்லே வராதப்போ, த எங்கே, ண எங்கேன்னு 247 கட்டத்துல தேடச் சொன்னா என்ன செய்வார்? இடது பக்க அடைப்பு, வலது பக்கம் விழுந்தது, "அது வந்து"வில் நிற்கிற பேச்சு. நீங்க சொல்றது இந்த இரண்டாவது வகை மாதிரிதான் இருக்கு. உறுதிப்படுத்த வேண்டியவர் நேரில் சோதிக்கிற பேச்சு மொழி சிகிச்சையாளர்.

புத்தி விஷயம். யார் வந்தாங்க, மாத்திரை நேரம் தாண்டிடுச்சா, பக்கத்து வீட்டுக்காரர் ஏன் வரல என்பதெல்லாம் அவருக்குத் தெரியுதான்னு ரெண்டு நாள் கவனிச்சுப் பாருங்க. அஃபேசியாவில் ஆளை அடையாளம் தெரியறது, நியாய அநியாயம், வெட்கம், கோபம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பெரியப்பா அவர் எதிரிலேயே அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா, அது அவர் காதுல விழுந்திருக்கும்.

தறிநூல் · மார்ச் 3, இரவு 10.25

எல்லாத்துக்கும் முன்னாடி ஆமா, இல்லையை நிலைநிறுத்துங்க. வீடுகள்ல நடக்கிற தப்பான புரிதலில் பாதி இங்கேதான் தொடங்குது.

அஃபேசியா உள்ளவங்க இல்லைன்னு நினைச்சு ஆமான்னு சொல்றது சகஜம். போதாக்குறைக்கு நம்ம ஊர்த் தலையாட்டல். மேலும் கீழும் ஆட்டினா ஆமா, பக்கவாட்டில் திருப்பினா இல்லை, தோள் பக்கம் சாய்ச்சு ஆட்டினா சரி. கழுத்துத் தசை ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறவருக்கு இந்த மூணும் ஒண்ணா கலந்துடும். அதனால தலையை நம்பாதீங்க. அட்டை செய்யுங்க.

ஏ4 தாளை நெடுக்காக வைச்சு, மேல் பாதியில் பச்சை டிக்கும் "ஆமா"வும், கீழ்ப் பாதியில் சிவப்புப் பெருக்கல் குறியும் "இல்லை"யும். எழுத்து 4 செ.மீ. உயரம். பக்கத்துப் பக்கத்துல எழுதாம மேலும் கீழுமா எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. இடது மூளை அடிபட்டா பலருக்கு இரண்டு கண்ணிலும் வலது பாதிப் பார்வை போயிருக்கும். வலது பக்கம் எழுதினது அவருக்கு இல்லாத மாதிரிதான். தட்டுல வலது பக்கச் சோறு மிச்சமாகுதான்னு பாருங்க, அது ஒரு அறிகுறி. அட்டையை அவருடைய இடது கைக்கு எட்டுற மாதிரி, கொஞ்சம் இடப்புறமாப் பிடிங்க.

அப்புறம் சோதனை. பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச கேள்வி பத்து. ஐந்துக்கு ஆமா, ஐந்துக்கு இல்லை, கலந்து கட்டி. "நம்ம வீடு மாடி வீடா?" "நீங்க வாத்தியாரா?" "நீங்க டாக்டரா?" பத்துல எட்டாவது சரியா வந்தா நம்பத் தொடங்கலாம். வரலைன்னா அவர் பதிலை வைச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. தினமும் கொஞ்சம் பழகி, மறு வாரம் பாருங்க.

தறிநூல் · மார்ச் 4, காலை 6.50

கேள்வி கேட்கிற விதத்தைச் சொல்ல விட்டுப்போச்சு.

"வலிக்கலையா?"ன்னு கேட்டா ஆமான்னு வர்ற பதிலுக்கு இரண்டு அர்த்தம். ஆமா வலிக்கலை, ஆமா வலிக்குது. "சாப்பிடலையா", "தூங்கலையா", "வேண்டாமா" எல்லாம் இதே கதை. "வலிக்குதா?"ன்னு நேராக் கேளுங்க. "காபியா டீயா?"ன்னு கேட்டுட்டு ஆமா-இல்லை அட்டையை நீட்டாதீங்க, அதுக்கு அந்த அட்டையில் பதிலே கிடையாது. முக்கியமான விஷயம்னா திருப்பியும் கேளுங்க. "வலிக்குதா?", கொஞ்சம் விட்டு "வலி இல்லாம இருக்கா?" இரண்டுக்கும் ஆமான்னா இன்னும் பதில் கிடைக்கலைன்னு எடுத்துக்கணும்.

கொன்றை · மார்ச் 4, இரவு 8.05

பத்துல ஆறு. தலையாட்டினதுக்கும் அட்டையைத் தொட்டதுக்கும் மூணு இடத்துல வித்தியாசம் இருந்தது. தட்டுல வலது பக்கம் தினமும் மிச்சம்தான். பிடிக்கலைன்னு நினைச்சு நாங்க அந்தக் கூட்டை வைக்கிறதையே நிறுத்திட்டோம்.

இன்னொரு விஷயம். நேத்து அம்மா விளக்கேத்தி பதிகம் சொன்னப்போ அப்பாவும் கூடவே நாலு வரி தெளிவா சொன்னார். சித்தி உடனே "பாரு, வாய் நல்லாத்தான் வருது, வேணும்னே பேச மாட்டேங்கிறார்"னு சொல்லிட்டாங்க.

தறிநூல் · மார்ச் 4, இரவு 9.30

சித்திக்கு இதை அப்படியே படிச்சுக் காட்டுங்க. மனப்பாடமா ஓடுறது ஒரு வழியிலயும், நினைச்சதைப் புதுசாச் சொல்லாக்கிறது வேற வழியிலயும் நடக்குது. ஒண்ணு ரெண்டு மூணு, ஞாயிறு திங்கள், பாட்டு, பதிகம், "ஐயோ", "சிவசிவா", கெட்ட வார்த்தை. இதெல்லாம் முதல் வகை, அஃபேசியாவிலும் தப்பிப் பிழைக்கும். வாழ்நாள்ல வைய அறியாத ஆள் திடீர்னு வைவதும் இதனாலதான். வேணும்னு யாரும் செய்யறதில்ல.

பாட்டுல மிஞ்சியிருக்கிற ஓட்டத்தைப் பிடிச்சுப் பேச்சுக்குக் கொண்டுவர ஒரு பயிற்சி முறை 1973லேயே அமெரிக்காவில் வந்தது. சின்னச் சொற்றொடரை இரண்டே சுருதியில் இழுத்துப் பாடி, இடது கையால அசைக்கு ஒரு தட்டு தட்டி, போகப்போக ராகத்தைக் குறைச்சுப் பேச்சாக்கறது. புரிதல் நல்லா இருந்து சொல் மட்டும் வராதவங்களுக்குத்தான் பலன் கொடுக்கும். சிகிச்சையாளர் பார்த்துச் சொன்னா செய்யுங்க. அம்மாவோட சேர்ந்து பதிகம் சொல்றதுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்ல, தினமும் நடக்கட்டும்.

பத்துல ஆறு பரவாயில்லை. தலையை விட்டுட்டு அட்டையையே கேளுங்க. தட்டைச் சாப்பாட்டு நடுவுல ஒரு தடவை அரை வட்டம் திருப்பி வைங்க, கூட்டும் காலியாகும்.

தறிநூல் · மார்ச் 5, மாலை 5.20

அடுத்த படி, எழுதிக் காட்டித் தேர்ந்தெடுக்க வைக்கிறது. கனடாவில் டொரண்டோவில் ஆரா கேகன் என்பவரும் அங்குள்ள அஃபேசியா இன்ஸ்டிட்யூட்டும் 1990களில் வளர்த்த முறையின் சாரம் இதுதான். நோயாளி மாறணும்னு காத்திருக்காம, எதிர்ல உட்கார்ந்து பேசறவங்க தங்களை மாத்திக்கறது. "உங்களுக்கு விஷயம் தெரியும்னு எனக்குத் தெரியும்"னு வாய்விட்டே சொல்லச் சொல்வாங்க. அவர் திணறும்போது அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்க, முகம் மாறும்.

டிவி, மிக்ஸி அணைச்சிருக்கணும். கண்ணாடி போட்டிருக்கணும், காது மிஷின் இருந்தா அதுவும். அவருடைய இடது பக்கம், கண் மட்டத்துல உட்காருங்க. நின்னுக்கிட்டுக் கேட்டா விசாரணை மாதிரி ஆயிடும். கோடு போடாத வெள்ளைத் தாள், கறுப்பு ஸ்கெட்ச் பேனா. பால்பாயிண்ட் வேண்டாம், மெல்லிய கோடு தெரியாது.

தாள் தலைப்புல பேச்சின் விஷயத்தை ஒரே சொல்லா எழுதுங்க: "வீடு". அதுக்குக் கீழே ஒண்ணுக்கடியில் ஒண்ணா "வாடகை", "ரிப்பேர்", "வேற". ஒவ்வொண்ணையும் விரல் வைச்சு ஒரு தடவை மெதுவா வாசிங்க. அப்புறம் வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள பத்து வரை எண்ணுங்க. இந்தப் பத்துதான் எல்லாத்தையும் விடக் கஷ்டம். மூணாவது நொடியிலேயே அடுத்த கேள்வியைப் போட்டா, அவர் பாதி தேடின சொல்லும் கலைஞ்சுடும். அவர் தொட்டதும் அதை வட்டம் போட்டு, "வாடகை பத்திப் பேசறீங்க, சரியா?"ன்னு ஆமா-இல்லை அட்டையில் உறுதி செய்யுங்க. அடுத்த தாளில் "வந்துச்சா", "எவ்வளவு", "யார்கிட்ட", "வேற".

"வேற" கட்டாயம். அது இல்லாத பட்டியல்ல அவர் நினைக்கிறது இல்லைன்னா, எதையாவது தொட்டுட்டு விட்டுடுவார். நீங்க புரிஞ்சுதுன்னு நினைச்சுட்டுப் போவீங்க.

தாள்களைக் கிழிச்சுப் போடாதீங்க. நீள நோட்டுப் புத்தகமா இருந்தா இன்னும் நல்லது. தேதி போட்டு வைங்க. நேத்து பேசினதை அவரே பக்கம் புரட்டிக் காட்டி இன்னைக்குத் தொடர்வார். சொந்தமா ஒரு விஷயத்தைத் தொடங்க அவருக்குக் கிடைக்கிற முதல் வழி பெரும்பாலும் இதுதான்.

நெய்தல்நிலம் · மார்ச் 6, பகல் 1.10

வீட்டு நோய்த்தணிப்புச் செவிலியாக ஒன்று சேர்க்கிறேன். தேர்வுகளின் எண்ணிக்கையைப் பற்றி. பக்கவாதம் வந்த முதல் மாதங்களில் இரண்டு தேர்வும் "வேற"வும் போதும். நான்கு, ஐந்து எழுதினால் முதலில் கண்ணில் பட்டதையோ கடைசியாகக் காதில் விழுந்ததையோ தொடுவார்கள். எப்போதும் மேலே உள்ளதையே தொடுகிறாரா என்று பார்க்க, அதே தேர்வுகளை வரிசை மாற்றி எழுதி மறுபடி காட்டுங்கள்.

அடுத்தது அழுகை. பேச்சு நடுவில் காரணமில்லாமல் அழுவதும், துக்கச் செய்திக்குச் சிரிப்பதும் மூளை அடிபட்ட பிறகு சிலருக்கு வரும். உள்ளே இருக்கும் உணர்ச்சிக்கும் வெளியே தெரிவதற்கும் அங்கே தொடர்பு அறுந்திருக்கும். "ஏன் அழறீங்க?" என்று துருவினால் நீளும். தண்ணீர் கொடுத்து, பேச்சை வேறு பக்கம் திருப்பினால் பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் அடங்கும். அடிக்கடி வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரை உண்டு. தொடர்ந்த சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, தூக்கம் இல்லாமை சேர்ந்து இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதுவும் இவர்களுக்கு அதிகம், அதற்கும் சிகிச்சை உண்டு.

எனக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது. ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்) வந்து கை, கால், நாக்கு எல்லாம் போய், கண்ணும் புருவமும் மட்டும் அசைகிறவர்களுக்கு என்ன பலகை பரிந்துரைப்பீர்கள்? ஆங்கில 26 எழுத்துப் பலகைதான் எங்கும் கிடைக்கிறது.

தறிநூல் · மார்ச் 6, இரவு 10.00

இரண்டுன்னு ஆரம்பிக்கிறதுதான் சரி. நான் எழுதினதையும் அப்படியே எடுத்துக்குங்க.

ஏஎல்எஸ் நான் முதல்ல சொன்ன முதல் வகை. மொழி பெரும்பாலும் உள்ளே முழுசா இருக்கு, கண் அசைவு பலருக்குக் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். இவங்களுக்கு எழுத்துப் பலகைதான் வழி, ஆனா நம்ம எழுத்துக்குத் தகுந்தபடி.

1995ல் பக்கவாதத்தால் உடம்பு முழுக்க உறைஞ்சுபோன பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் ழான்-தொமினிக் பொபி இடது கண் இமையை மட்டும் வைச்சு ஒரு புத்தகமே எழுதவைச்சார். எழுத்துகளை அகர வரிசையில் வாசிக்காம, பிரெஞ்சில் அதிகம் வர்ற எழுத்து முதல்ல வர்ற மாதிரி அடுக்கி வாசிச்சாங்க. அந்த யோசனையைத் தமிழுக்குக் கொண்டுவரணும்.

உயிர்மெய் 216ஐத் தூக்கி வைச்சுட்டு மெய்யும் உயிரும் மட்டும் வைச்சுக்கலாம். அப்பவும் 30. ஒலி நெருங்கினதை ஒரே கட்டத்துல போடுங்க. ந, ண, ன, ஞ ஒரு கட்டம். ர, ற ஒண்ணு. ல, ள, ழ ஒண்ணு. ங வேண்டாம். மெய் 11 கட்டமாச் சுருங்கும். உயிர்ல குறிலும் நெடிலும் ஒரே கட்டம், ஔ வேண்டாம். உயிர் 6. இதோட மூணு கட்டளைக் கட்டம் சேர்த்தா 20. நாலு வரிசை, வரிசைக்கு ஐந்து:

வரிசை 1: அ/ஆ – க – த – ந/ண/ன/ஞ – ம
வரிசை 2: இ/ஈ – உ/ஊ – ப – வ – ர/ற
வரிசை 3: ல/ள/ழ – ட – ச – ய – எ/ஏ
வரிசை 4: ஐ – ஒ/ஓ – சொல் முடிஞ்சது – அழி – வேற பக்கம்

துணைக்கு இருக்கிறவர் "ஒண்ணு? ரெண்டு? மூணு?"ன்னு வரிசை கேட்பார். நோயாளி புருவம் தூக்கின இடத்துல நிறுத்தி, அந்த வரிசையின் எழுத்துகளை ஒவ்வொண்ணா வாசிப்பார். மறுபடி புருவம். "முதுகு"க்கு உயிரெல்லாம் போட வேண்டாம், ம, த, க போதும். மூணும் முதல் வரிசையிலயே இருக்கு. ம-வுக்கு வரிசை ஒண்ணு, எழுத்து அஞ்சு, ஆக ஆறு கேள்வி. த-வுக்கு நாலு. க-வுக்கு மூணு. மொத்தம் 13 கேள்வியில் "முதுகா?"ன்னு கேட்டுடலாம். "தண்ணி"க்கு த, ந கட்டம், இ. 12 கேள்வி.

ஒவ்வொரு எழுத்தையும் பேப்பர்ல எழுதிக்கிட்டே போங்க. ஞாபகத்துல வைச்சுக்கலாம்னு நினைச்சா ஏழாவது எழுத்துல முதல் எழுத்து மறந்துடும், அவர் திரும்ப முதல்ல இருந்து வரணும். அந்த அலுப்புலதான் பலர் பேசுறதையே நிறுத்திக்கறாங்க.

கொன்றை · மார்ச் 6, இரவு 10.35

ல ள ழ மூணையும் ஒரே கட்டத்துல போட்டதை எங்க அப்பா பார்த்தா, பேச்சு வந்து முதல் வார்த்தையா உங்களைத்தான் திட்டுவார்.

தறிநூல் · மார்ச் 7, காலை 6.30

திட்டட்டும், காத்திருக்கேன். ஆனா அதுல ஒரு நிஜமான விஷயம் இருக்கு. எழுத்துப் பிழை இல்லாம எழுதுறதே தன் அடையாளம்னு வாழ்ந்தவருக்கு இந்தச் சுருக்கம் அவமானமாத் தோணலாம். அவருக்கு வல்லினம், மெல்லினம், இடையினம்னு ஆறு ஆறாப் பிரிச்ச மூணு வரிசையும், உயிர் இரண்டு வரிசையும் போட்ட முழுப் பலகை கொடுங்க. வேகம் குறையும், பரவாயில்ல. பள்ளிக்கூடத்துல மனப்பாடமான அடுக்கு என்பதால துணைக்கு இருக்கிறவங்களும் பலகையைப் பார்க்காமலே ஒப்பிக்கலாம், கரண்ட் போனாலும் பேச்சு நிக்காது. எதைப் பழகணும்னு அவரையே கேளுங்க.

நெய்தல்நிலம் · மார்ச் 7, பகல் 2.45

நன்றாக இருக்கிறது, இதை அச்சடித்துக்கொள்கிறேன். மூன்று சேர்க்கைகள்.

ஒரு சிமிட்டல் ஆமா, இரு சிமிட்டல் இல்லை என்று பலர் வைக்கிறார்கள். கண் தானாகவே சிமிட்டும், அதனால் பதிலா இயல்பான சிமிட்டலா என்று தெரியாது. கண்ணை மேலே தூக்கினால் ஆமா, இறுக மூடி வைத்தால் இல்லை என்று வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். பகலில் மருமகள் ஒன்றும், இரவில் மகன் வேறொன்றுமாக வைத்தால் நோயாளிதான் தவிப்பார். கட்டிலுக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பலகைக்கு முன்பாக ஒரு அவசரப் பட்டியல். எப்போதும் இதே வரிசையில் வாசிக்க வேண்டும்: மூச்சு, சளி, வலி, புரட்டு, பாத்ரூம், அரிப்பு அல்லது கொசு, ஃபேன், வேற. "மூச்சு" முதலில் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொசுவைச் சேர்க்காத பட்டியலை நம் ஊரில் பயன்படுத்தவே முடியாது. "வேற" என்றால் பலகையை எடுங்கள்.

மூன்றாவது, கூப்பிட வழி. பலகை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட முடியாவிட்டால் பயன் இல்லை. கடையில் கிடைக்கும் வயர்லெஸ் காலிங் பெல் வாங்கி, அசையும் ஏதாவது ஒரு இடத்தில், ஒரு விரல் நுனியோ கன்னமோ, அழுத்தினால் அடிக்கும்படி பொருத்துங்கள். படுக்கையில் புரட்டிய ஒவ்வொரு முறையும் பட்டன் எட்டுகிறதா என்று அடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

தறிநூல் · மார்ச் 7, இரவு 9.15

கண் நல்லா அசையறவங்களுக்கு இன்னொரு வழி, கண்ணாடிப் பலகை. 3 மி.மீ. ஒளி ஊடுருவும் அக்ரிலிக், ஏ3 அளவு, நடுவுல உள்ளங்கை அளவு சதுர ஓட்டை. ஓரங்கள்ல எழுத்தை ஆறு கூட்டமா ஒட்டி, நோயாளியின் முகத்துக்கு இரண்டடி தள்ளிப் பிடிக்கணும். அவர் எந்தக் கூட்டத்தைப் பார்க்கிறாரோ அதை ஓட்டை வழியா அவர் கண்ணை வைச்சுக் கண்டுபிடிக்கறது. எழுத்து நோயாளிக்கு நேரா இருக்கணும், உங்களுக்கு அது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறித்தான் தெரியும். பழகாதவங்க தங்களுக்கு நேரா ஒட்டிட்டு, "இவருக்குப் புரியல" என்பாங்க. ஜன்னலுக்கு எதிரே உட்கார வைக்காதீங்க, பலகையில் வெளிச்சம் பட்டு அவர் கண் உங்களுக்குத் தெரியாது.

பேச்சு இன்னும் இருக்கிற ஏஎல்எஸ் நோயாளி யாராவது இதைப் படிச்சா, இன்னைக்கே ஃபோன்ல குரலைப் பதிஞ்சு வைங்க. பேரக்குழந்தை பெயர், வழக்கமாச் சொல்ற நையாண்டி, "வாங்க, உட்காருங்க", "கதவைச் சாத்து". பின்னாடி பேச்சுச் செயலியில் உங்க குரலையே போட்டுக்கலாம். செயலின்னு வர்றப்போ, சென்னையில் அஜித் நாராயணனின் இன்வென்ஷன் லேப்ஸ் உருவாக்கின ஆவாஸ் படங்களைத் தொட்டுப் பேச வைக்கிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக வந்தது, தமிழும் உண்டு.

ஆற்றங்கரை · மார்ச் 9, காலை 11.20

எங்க அத்தைக்கும் பக்கவாதம்தான், ஆனா நேர் எதிர். நிறுத்தாம பேசறாங்க. ராகம், ஏற்ற இறக்கம் எல்லாம் அவங்க பேச்சு மாதிரியே இருக்கு, வார்த்தை ஒண்ணும் வார்த்தையா இல்ல. நாங்க சொல்றதும் ஏறல. கை கால் நல்லா இருக்கிறதால மனநல மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அக்கம்பக்கத்துல சொல்றாங்க.

தறிநூல் · மார்ச் 9, இரவு 8.50

இதுவும் அஃபேசியாதான். 1874ல் கார்ல் வெர்னிக்கே விவரிச்ச வகை. மூளையில் அடிபட்ட இடம் கொஞ்சம் பின்னாடி இருக்கு, அதனால கை கால் தப்பிச்சிருக்கு, புரிதல் போயிருக்கு. திடீர்னு ஒரு நாள்ல தொடங்கின உளறல் எதுவா இருந்தாலும் முதல்ல பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர்.

இவங்ககிட்ட அதிகம் பேசக் கூடாது. தான் சொல்றது குழம்பியிருக்குன்னு அவங்களுக்கே தெரியாது, அதனால திருத்தினா கோபம்தான் வரும். கத்திப் பேசினாலும் பயனில்ல, காது கேட்குது, சொல்தான் பிடிபடல. சாப்பிட வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி தட்டைக் கையில் காட்டுங்க. குளிக்கணும்னா துண்டும் சோப்பும். வாக்கியம் மூணு நாலு சொல்லுக்கு மேல வேண்டாம், விஷயம் மாறும்போது கையைத் தொட்டு நிறுத்தி, புதுப் பொருளைக் காட்டிட்டு மாறுங்க. அவங்க பேச்சு நீண்டுக்கிட்டே போனா, உள்ளங்கையைக் காட்டி "கொஞ்சம் இருங்க"ன்னு சைகை. அவங்க குரலும் முகமும் எதைச் சொல்லுதுன்னு பாருங்க. கோபமா, கேள்வியா, பயமா என்பது பெரும்பாலும் சரியாவே வரும். வார்த்தையை விட்டுட்டு அதுக்குப் பதில் சொல்லுங்க: "பயமா இருக்கா? நான் இங்கேதான் இருக்கேன்."

மாத்திரை, கேஸ் அடுப்பு, பணம் மூணையும் கொஞ்ச காலம் வேறொருத்தர் பார்த்துக்கணும். "வேண்டாம்"னு சொன்னதை அவங்க எதுவாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு உறுதி கிடையாது.

கொன்றை · மார்ச் 16, இரவு 7.40

பத்துல ஒன்பது. அட்டை மட்டும், தலை இல்லாம. நேத்து நோட்டுல பழைய பக்கத்தைப் புரட்டி "வாடகை"யைக் காட்டினார். கீழ் வீட்டுக்காரர் இரண்டு மாச வாடகை பாக்கின்னு எங்க யாருக்குமே தெரியாது.

வர்றவங்கதான் இப்போ பிரச்சினை. கப்பைத் தூக்கிக் காட்டி "இது என்ன சார், சொல்லுங்க பார்ப்போம்" என்கிறாங்க. அவரோட பழைய மாணவர்களே செய்யறாங்க. இன்னொண்ணு, பென்ஷன் அக்கவுன்ட் அவர் பேர்ல. வலது கை எழுதாது, "பேசவும் மாட்டார், எப்படிப் பணம் தர்றது" என்கிறாங்க கிளையில்.

தறிநூல் · மார்ச் 16, இரவு 10.10

ஒன்பது வந்தாச்சுன்னா இனி அவர் முடிவை அவரிடமே கேளுங்க.

வர்றவங்களுக்கு ஒரு அட்டை. வாசல் அறையில் ஒண்ணு, அவர் சட்டைப் பையில் ஒண்ணு. பளபள லேமினேஷன் வேண்டாம், ட்யூப்லைட்ல மின்னும், மேட் போடச் சொல்லுங்க. வாசகம் அவர் சொல்ற மாதிரி இருக்கணும்: "எனக்குப் பக்கவாதம் வந்ததால் சொல் வர நேரமாகும். நீங்கள் சொல்வது புரியும். ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். காத்திருங்கள். எழுதிக் காட்டுங்கள். என்னைச் சோதிக்காதீர்கள்." எழுதினதை அவரிடம் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் ஆமா வாங்கிட்டு அச்சடிங்க. மாணவர்களுக்கு வேலை கொடுங்க. பழைய பள்ளிக்கூடப் படங்கள், ஊர் வரைபடம், செய்தித்தாள் கொண்டுவரச் சொல்லுங்க. படத்தைப் பார்த்து அவங்க பேசட்டும், இவர் விரல் வைச்சுத் திருத்துவார். ஒரு தடவைக்கு இரண்டு பேர், இருபது நிமிஷம், காலை நேரம். சாயங்காலம் களைச்ச மூளைக்குச் சொல் இன்னும் தூரமாகும்.

நோட்டோட பின் அட்டையில் பிரச்சினைப் பக்கம் ஒண்ணு ஒட்டுங்க: "தப்பாப் புரிஞ்சுக்கிட்டே", "மெதுவா", "வேற விஷயம்", "அப்புறம் பார்க்கலாம்", "போதும், போ". கடைசி வரி நிச்சயம் வேணும். யாரையும் போகச் சொல்ல முடியாத நிலை ரொம்பக் கொடுமை.

வங்கி விஷயத்துல ரிசர்வ் வங்கியின் விதி தெளிவா இருக்கு. முதுமையாலோ நோயாலோ கையெழுத்துப் போட முடியாதவர் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம். வங்கிக்குத் தெரிஞ்ச இரண்டு சாட்சி அடையாளம் காட்டணும், அதுல ஒருத்தர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியா இருக்கணும். பேச முடியணும்னு அதுல எங்கேயும் இல்ல. கிளை மேலாளரிடம் எழுத்துமூலமா இதைக் குறிப்பிட்டுக் கேளுங்க.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் அட்டவணையில் பேச்சு-மொழிக் குறைபாடு தனி வகையா இருக்கு, அஃபேசியா பெயரோடவே இருக்கு. வரையறையில் "நிரந்தர" என்ற சொல் இருக்கிறதால, தேறி வர்ற இந்த மாசங்கள்ல மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அவசரப்பட வேண்டாம். சிகிச்சையாளரைத் தேடும்போது இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் கேளுங்க. சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு.

தறிநூல் · மார்ச் 17, காலை 6.20

வங்கிக்குப் போறப்போ ஆமா-இல்லை அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துட்டுப் போங்க. அதிகாரி உங்களைப் பார்த்துக் கேட்டா பதில் சொல்லாதீங்க, அவரைப் பார்த்துக் கேட்கச் சொல்லுங்க. தொகையை எண்ணால எழுதி, கீழே வேற இரண்டு தொகையும் எழுதி, அவரைத் தொடச் சொல்லுங்க. "ஐயாயிரம்"னு வாயால சொன்னா எண் நழுவும், எழுதின எண்ணும் ரூபாய் நோட்டும் கண்ணுக்குத் தெரியும். இடது கையால கையெழுத்துப் போட வீட்டுல இப்பவே பழக ஆரம்பிக்கலாம், முதல்ல முதலெழுத்து மட்டும். ஒரே மாதிரி வரத் தொடங்கினதும் மாதிரிக் கையெழுத்தை மாத்திக்கலாம், அந்தப் படிவத்தையும் அன்னைக்கே கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க.